இன்யோ கவுண்டி: கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

லாங் வீக்கெண்ட் வந்தாலே எல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸ்), பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோ பக்கம்) நம்மாளுங்க வாட்ஸ்அப் குரூப்ல டெத் வேலி பாலைவனத்துக்கு எப்ப போலாம், விட்னி மலை ஏற பெர்மிட் எப்டி வாங்குறதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ரெண்டுமே இன்யோங்குற ஒரே கவுண்டிக்குள்ள (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா இங்க.

இன்யோ கவுண்டி எங்க இருக்கு? எவ்ளோ பெருசு?

கலிஃபோர்னியாவோட கிழக்கு ஓரம், நெவாடா பார்டர ஒட்டி. மேக்கால சியரா நெவாடா மலை சுவர் மாதிரி நிக்கும், கிழக்கால வைட் மவுண்டன்ஸும் இன்யோ மலையும், நடுவுல ஒடுக்கமா நீளமா ஓவன்ஸ் வேலி, அதுக்கும் கிழக்க டெத் வேலி. பரப்பளவு சுமார் 10,200 சதுர மைல், அதாவது 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, தமிழ்நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு. அதுல மொத்த ஜனம் 2020 சென்சஸ்படி வெறும் 19,000 சொச்சம்.

395ம் நம்பர் ஹைவேல தெக்கேர்ந்து வடக்க வந்தா லோன் பைன், இண்டிபெண்டன்ஸ், பிக் பைன், பிஷப்னு நாலு ஊர் வரும், பெரும்பாலான ஜனம் இந்த ரோட்ட ஒட்டித்தான். முறையா சிட்டின்னு சொல்றதுக்கு இருக்குறது பிஷப் ஒண்ணுதான், அதுக்குள்ளயும் 4,000 பேர் கூட கிடையாது. கவுண்டியோட தலைநகர் என்னவோ இண்டிபெண்டன்ஸ், கண்ண மூடித் தொறந்தா தாண்டிப் போயிடுவீங்க, வெள்ளையா தூண் வச்ச கோர்ட் கட்டடம் ஒண்ணு நின்னுட்டிருக்கும், அத வச்சு அடையாளம் கண்டுக்கலாம்.

இவ்ளோ இடம் கெடக்கு, ஏன் ஆளே இல்ல? பாலைவனம்ங்குறதாலயா?

பாதிதான் சரி. சியரா மழையெல்லாம் மேக்கயே வாங்கிக்குது, இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி, பிஷப்ல வருஷத்துக்கு 5 இஞ்ச் பேஞ்சாலே பெருசு. ஆனா மலை மேல விழுற பனி உருகி ஓடையா இறங்கி ஓவன்ஸ் ஆத்துல சேரும், அதனால இந்தப் பள்ளத்தாக்குல விவசாயம் நல்லாவே நடந்துச்சு, ஆப்பிள், பேரிக்காய், தீவனப் பயிரு, மாடுன்னு. அந்தத் தண்ணி எங்க போச்சுங்குறதுதான் இந்தக் கவுண்டியோட முழுக் கதையும், மத்த எந்தக் கேள்விய கேட்டாலும் சுத்திச் சுத்தி இங்கதான் வந்து நிக்கும்.

1900களோட ஆரம்பத்துல எல்ஏ ஊர் பெருத்துக்கிட்டே போகுது, தண்ணி பத்தல. அந்த ஊரோட முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் இங்க வந்து நிலமும் தண்ணி உரிமையுமா வாங்க ஆரம்பிக்கிறார். அந்த சமயத்துல ஃபெடரல் கவர்மெண்ட் இங்க ஒரு பாசனத் திட்டம் போடுறதா பேச்சு இருந்ததால, அதுக்குத்தான் வாங்குறாங்கன்னு நெறய பேர் நெனச்சு வித்துட்டாங்க. 1905ல விஷயம் வெளிய வந்தப்போ லேட்டு. வில்லியம் முல்ஹாலண்ட்ங்குற இஞ்சினியர் 233 மைலுக்கு கால்வாயும் குழாயுமா போட்டு, ஒரு பம்பு கூட வைக்காம வெறும் சரிவுலயே தண்ணிய எல்ஏவுக்குக் கொண்டு போனார். 1913 நவம்பர் 5 திறப்பு விழா. மதகு தொறந்து தண்ணி கொட்டுறப்ப அவர் பேசினது மொத்தமே "இதோ இருக்கு, எடுத்துக்கோங்க" அவ்ளோதான்.

அப்புறம் 1920கள்ல வறட்சி, நகரம் இன்னும் நிலம் வாங்குது, இங்க உள்ளவங்க பொங்கிட்டாங்க. 1924 மே மாசம் கால்வாய டைனமைட் வச்சுத் தகர்த்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல லோன் பைன் பக்கத்துல அலபாமா கேட்ஸ்ங்குற மதகை ஆளுங்க புடிச்சு, தண்ணிய நாலு நாள் ஆத்துக்கே திருப்பி விட்டாங்க. ஊர் ஜனமே குடும்பத்தோட அங்க போய் மாட்டுக்கறி சுட்டு சாப்ட்டுக்கிட்டு திருவிழா கணக்கா உக்காந்துட்டாங்க, பக்கத்துல ஷூட்டிங் எடுத்துட்டிருந்த டாம் மிக்ஸ்ங்குற ஸ்டாரு அவரோட மியூசிக் பார்ட்டிய வேற அனுப்பி வச்சார். 1927ல மறுபடி குண்டு வெடிச்சுது, ஆனா போராட்டத்த முன்னால நின்னு நடத்தின வாட்டர்சன் பிரதர்ஸோட பேங்க் அந்த வருஷமே திவால், பணத்த கையாடினதா அவங்க ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க, ஜனங்களோட சேமிப்பும் போச்சு. அதோட எதிர்ப்பு முடிஞ்சுது.

இன்னைக்கும் பள்ளத்தாக்குல தரையோட பெரும்பகுதி எல்ஏவோட தண்ணி-கரண்ட் துறை கையில. உள்ளூர்ல டிடபிள்யூபின்னுதான் சொல்லுவாங்க, சொல்ற தொனியிலயே தெரிஞ்சிடும். மிச்சம் நேஷனல் பார்க், ஃபாரஸ்ட் சர்வீஸ், மத்த கவர்மெண்ட் நிலம். தனியார் கையில இருக்குறது மொத்தக் கவுண்டில 2 சதவீதம் கூட இல்ல. ஆகவே "அடடா எவ்ளோ அழகா வெறிச்சோடி இருக்கு"ன்னு போட்டோ எடுக்குறீங்க பாருங்க, அந்த வெறுமை தானா வந்ததில்ல. அதேசமயம் மாலும் வில்லாவும் கட்டி நாசமாகாம இருக்குறதுக்கும் அதே டிடபிள்யூபிதான் காரணம், இத உள்ளூர்க்காரங்களே கொஞ்சம் கடுப்போட ஒத்துக்குவாங்க.

மேப்ல ஓவன்ஸ் லேக்னு நீலமா காட்டுது. போட்டிங் உண்டா?

இல்லங்க, சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. 100 சதுர மைலுக்கு மேல இருந்த ஏரி அது, 1872ல பெஸ்ஸி பிரேடினு ஒரு நீராவிக் கப்பலே அதுல ஓடுச்சு, மலை மேல செரோ கோர்டோ சுரங்கத்துலேர்ந்து வந்த வெள்ளி, ஈயக் கட்டிங்கள அக்கரைக்குக் கொண்டு போக. அங்கேர்ந்து கோவேறு கழுதை வண்டில எல்ஏ. வெள்ளி முதல்ல, தண்ணி அப்புறம், ரெண்டும் ஒரே திசையிலதான் போயிருக்கு.

ஆத்த திருப்பின பிறகு 1920கள்லயே ஏரி காஞ்சுபோச்சு. காத்தடிச்சா ஏரிப் படுகையிலேர்ந்து உப்புப் புழுதி கெளம்பி, அமெரிக்காலயே தூசி மாசு அதிகமா கெளம்புற ஒத்தை இடம்னு பேர் வாங்கிச்சு. கோர்ட்டு, சட்டம்னு இழுத்து கடைசில 2001லேர்ந்து எல்ஏவே அந்தப் புழுதிய அடக்க வேண்டியதாப்போச்சு, சில பாத்தில தண்ணி தேக்கி, சிலதுல புல்லு வளத்து, சிலதுல சரளைக்கல்லு கொட்டி. செலவு இதுவரைக்கும் 200 கோடி டாலரத் தாண்டியாச்சு. இதுல யாருமே எதிர்பார்க்காத ஒரு நல்லது, அந்த ஆழமில்லாத தண்ணிக்கு வலசை வர்ற பறவைங்க திரும்ப ஆயிரக்கணக்குல வருது. ஏப்ரல் இல்ல ஆகஸ்ட்-செப்டம்பர்ல பைனாகுலரோட போங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி அங்க யார் இருந்தாங்க?

பையூட், ஷோஷோனி மக்கள். இவங்க சும்மா வேட்டையாடிட்டு அலைஞ்சவங்கன்னு நெனைக்காதீங்க, பிஷப் ஓடையிலேர்ந்து மைல் கணக்குல வாய்க்கால் வெட்டி, கிழங்குச் செடிங்களுக்குத் தண்ணி பாய்ச்சினவங்க, வருஷம் ஒரு பக்கம் பாசனம், அடுத்த வருஷம் இன்னொரு பக்கம்னு மாத்தி மாத்தி. 1860கள்ல மாடு மேய்க்க வந்த வெள்ளைக்காரங்களோட சண்டை, 1863ல ராணுவம் நூத்துக்கணக்கான பேர நடத்தியே டெஹோன் கோட்டைக்குக் கொண்டு போச்சு. தப்பிச்சு திரும்பி வந்தவங்க தங்களோட சொந்த நிலத்துலயே கூலிக்கு வேலை பாத்தாங்க. இப்ப பிஷப், பிக் பைன், ஃபோர்ட் இண்டிபெண்டன்ஸ், லோன் பைன்ல அவங்க ரிசர்வேஷன், அதாவது அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலம், இருக்கு. பிஷப் ரிசர்வேஷன் 875 ஏக்கர், அவ்ளோதான். தண்ணி உரிமை கேட்டு நடக்குற வழக்காடல் இன்னும் தீரல. பிஷப்ல அவங்களோட கல்ச்சுரல் சென்டர் இருக்கு, கூடை முடைஞ்சிருக்குற நேர்த்திய பாக்கவாவது உள்ள போங்க.

டெத் வேலிக்குள்ளயும் டிம்பிஷா ஷோஷோனி குடும்பங்க இன்னும் வாழுறாங்க, 2000ல தனிச் சட்டம் போட்டு கொஞ்சம் நிலம் திருப்பிக் குடுத்தாங்க.

டெத் வேலிக்கு எப்ப போலாம்? சம்மர்ல போனா அந்த உலக ரெக்கார்டு வெயில அனுபவிக்கலாமே?

நவம்பர்லேர்ந்து மார்ச். சம்மர் வேணாம், வீம்புக்குக் கூட வேணாம். 1913 ஜூலை 10ல ஃபர்னஸ் கிரீக்ல 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாச்சு, அதுதான் அந்த ரெக்கார்டு. இப்பவும் ஜூலைல 50 டிகிரி சாதாரணம். 2024 ஜூலைல பைக்ல போன குரூப்ல ஒருத்தர் செத்தே போனார், அந்தச் சூட்டுல காத்து மெலிசாகி ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரால பறக்க முடியல. அதே மாசம் மணல்மேட்டுல செருப்பு கழண்டு போன ஒரு டூரிஸ்டுக்கு உள்ளங்கால் வெந்து தோல் உரிஞ்சுபோச்சு. பாப்பாவ தூக்கிட்டு போட்டோக்கு இறங்குறேன்னு சொல்றவங்க இத ஒரு தடவ படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

குளிர்காலத்துல போனா ரொம்ப அருமையான இடம். சாப்ரிஸ்கி பாயிண்ட் விடியக்காலை, மெஸ்கீட் மணல்மேடு சாயங்காலம், நடுவுல பேட்வாட்டர். பேட்வாட்டர் கடல் மட்டத்துக்குக் கீழ 282 அடி, 86 மீட்டர். இந்த நம்பர படிக்கிறப்ப ஒண்ணும் தோணாது. பார்க்கிங்ல இறங்கி உப்புப் பாளத்தப் பாக்காம அப்படியே திரும்பி, பின்னாடி நிக்குற பாறைச் செவுத்த அண்ணாந்து பாருங்க, எங்கயோ உசரத்துல வெள்ளையா ஒரு சின்ன போர்டு, "கடல் மட்டம்"னு. அப்பதான் வயித்துல ஒரு மாதிரி இருக்கும். டான்டேஸ் வியூனு 5,400 அடிக்கு மேல ஒரு இடம், கார்லயே போயிடலாம், அங்க நின்னா அதே பேட்வாட்டர நேர் கீழ பாக்கலாம், வெயிலும் கம்மி.

பார்க் கட்டணம் கார் ஒண்ணுக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், கேஷ் வாங்க மாட்டாங்க. மழை பேஞ்சா ரோடு அடிச்சிட்டுப் போயிடும், 2023 ஆகஸ்ட்ல ஹிலரி புயல்ல ஒரு வருஷ மழை ஒரே நாள்ல கொட்டி எல்லா ரோடும் மூடிட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் பேட்வாட்டர்ல பல மாசம் ஏரி நின்னுச்சு, ஜனம் கயாக் கூட விட்டுச்சு. ஸ்காட்டிஸ் கேஸில்ங்குற பழைய மாளிகை 2015 வெள்ளத்துல அடிபட்டு மூடினது, பழைய பிளாக் படிச்சிட்டு அவ்ளோ தூரம் போயிடாதீங்க.

தானா நகர்ற கல்லு இருக்காமே, வாடகைக் கார்ல போலாமா?

அது டெத் வேலிக்குள்ள ரேஸ்டிராக் பிளாயாங்குற காஞ்ச ஏரிப் படுகை. கல்லு நகர்ற ரகசியத்த 2014ல கண்டுபிடிச்சுட்டாங்க, குளிர்காலத்துல மெல்லிசா தண்ணி நின்னு ராத்திரில கண்ணாடி மாதிரி உறையுது, காலைல அந்த ஐஸ் தகடு உடைஞ்சு லேசான காத்துல மிதந்து கல்லத் தள்ளிட்டுப் போகுது. ஈர சேத்துல கோடு விழுது. பேய் இல்ல.

சாதா செடான்ல போகக்கூடாது. யூபிஹீபி கிரேட்டர்லேர்ந்து 26 மைலுக்கு மேல கரடுமுரடு ரோடு, கூர் கல்லு டயரக் கிழிச்சிடும், சிக்னல் சுத்தமா இல்ல, டோ வண்டி வர்றதுக்கே ஆயிரம் டாலர தாண்டிடும்.

விட்னி ஏறணும். பெர்மிட் எப்டி?

மவுண்ட் விட்னி 14,505 அடி, அலாஸ்காவ விட்டுட்டுப் பாத்தா அமெரிக்காலயே உசரமான சிகரம். அது பேட்வாட்டர்லேர்ந்து நேர்கோட்டுல 85 மைல் தூரந்தான், ரெண்டுத்தையும் இணைச்சு ஜூலை வெயில்ல 135 மைல் ஓட்டப்பந்தயம் வேற வைக்கிறாங்க, அதுக்கு நான் கருத்து சொல்ல விரும்பல.

மே 1லேர்ந்து நவம்பர் 1 வரைக்கும் ஒரு நாளைக்கு 100 பேர் போயிட்டு அன்னைக்கே இறங்க, 60 பேர் ராத்திரி தங்க, அவ்ளோதான் அனுமதி. பிப்ரவரி முழுக்க ரிக்ரியேஷன் டாட் காவ்ல லாட்டரி நடக்கும், மார்ச்ல ரிசல்ட். நம்மாளுங்க எல்லாரும் சனிக்கிழமையே கேக்குறாங்க, அப்புறம் கிடைக்கலன்னு பொலம்பல், செவ்வாய் புதன் கேளுங்க, செப்டம்பர் கடைசி கேளுங்க. போக வர 22 மைல், 6,000 அடிக்கு மேல ஏத்தம். விடியக்காலை 2 மணிக்கு ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு கெளம்பினாத்தான் இருட்டுறதுக்குள்ள இறங்க முடியும். டிரெய்ல்ல கக்கூஸ் கிடையாது, அதுக்குன்னு ஒரு பை குடுப்பாங்க, உங்க சமாச்சாரத்த நீங்களே சுமந்துட்டு வரணும், இது ஜோக் இல்ல, ரூல்.

முந்தின நாள் ராத்திரி 8,000 அடிக்கு மேல தங்குங்க. எல்ஏலேர்ந்து நேரா வந்து ஏறினா தலைவலி, வாந்தி, பாதி வழியில திரும்புறது சகஜம். ஏற வேணாம்னாலும் மலைப் பாதை ஆரம்பிக்கிற விட்னி போர்ட்டல் வரைக்கும் கார்ல போங்க, அருவி இருக்கு, பைன் மர நிழல் இருக்கு. கார்ல சாப்பாடு வச்சிட்டுப் போகாதீங்க, கரடி கதவப் பேத்துடும், பார்க்கிங்ல இரும்புப் பெட்டி வச்சிருக்காங்க, அதுல வைங்க.

மான்சனார்னு ஒரு போர்டு பாத்தோம், நிறுத்திப் பாக்கணுமா?

கண்டிப்பா. இந்தக் கவுண்டில ஒரே ஒரு இடம் பாக்க நேரம் இருந்தா நான் டெத் வேலி சொல்ல மாட்டேன், இதத்தான் சொல்லுவேன்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்புறம் 1942 பிப்ரவரில ரூஸ்வெல்ட் போட்ட ஒரு உத்தரவால, மேற்குக் கடற்கரையில இருந்த ஜப்பானிய வம்சாவளி ஆளுங்க சுமார் 1,20,000 பேர வீடு, கடை, படகு எல்லாத்தையும் விட்டுட்டு வரச்சொல்லி பத்து முகாம்ல அடைச்சாங்க. அதுல ஒண்ணு இது. ஒரு சமயத்துல இங்க 10,000 பேருக்கு மேல, முள்வேலி, எட்டு காவல் கோபுரம். மூணுல ரெண்டு பேர் அமெரிக்காலயே பொறந்த குடிமக்கள். 20க்கு 25 அடி ரூம்ல எட்டு பேர், பலகைச் சந்து வழியா புழுதி ஏறி காலைல எந்திரிச்சா தலகாணில தலை பதிஞ்ச இடம் மட்டும் வெள்ளையா தெரியுமாம், கக்கூஸ்ல தடுப்பு கிடையாது. 1945 நவம்பர் வரைக்கும் இப்படி.

முகாம் வர்றதுக்கு முன்னாடி இது ஆப்பிள் தோட்ட ஊர், 1920கள்ல எல்ஏ நிலத்த வாங்கினதும் ஜனம் காலி பண்ணிட்டாங்க, தோட்டம் கவனிப்பில்லாம கெடந்துச்சு. அடைபட்டு வந்தவங்கள்ல தோட்ட வேலை தெரிஞ்சவங்க அந்தப் பழைய மரங்கள கவாத்து பண்ணி, தண்ணி விட்டு, மறுபடி காய்க்க வச்சாங்க. ஆப்பிளும் பேரியும் சிலது இன்னும் நிக்குது, ஏப்ரல்ல பூக்கும். பையூட், தோட்டக்காரங்க, ஜப்பானியர்னு மூணு கூட்டத்த ஒரே நிலத்துலேர்ந்து, ஒரே நிலத்துக்கு, வேற வேற காரணம் சொல்லி அப்புறப்படுத்தியிருக்காங்க.

பின்னாடி கல்லறைல வெள்ளை ஸ்தூபி ஒண்ணு இருக்கு, 1943ல உள்ள இருந்தவங்களே கட்டினது. அடியில ஜனம் வச்சுட்டுப் போன சில்லறைக் காசு, பேப்பர்ல மடிச்ச கொக்கு மாலை, வெயில்ல வெளுத்துப்போய் கெடக்கும். நுழைவு இலவசம். பத்து வயசுக்கு மேல இருக்குற பிள்ளைங்கள தாராளமா கூட்டிட்டுப் போங்க, அதுங்க கேக்குற கேள்விக்கு பதில் சொல்ல நீங்கதான் தயாராகணும். 1988ல கவர்மெண்ட் மன்னிப்புக் கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் குடுத்துச்சு.

உலகத்துலயே வயசான மரம் எது? பாக்க முடியுமா?

பிரிசில்கோன் பைன். வைட் மவுண்டன்ஸ்ல ஷுல்மன் குரோவ்னு 10,000 அடி உசரத்துல. மெத்தூசலான்னு பேர் வச்ச மரத்துக்கு 4,800 வயசுக்கு மேல, 1957ல எட்மண்ட் ஷுல்மன்ங்குறவர் வளையம் எண்ணிச் சொன்னது. எது அந்த மரம்னு சொல்ல மாட்டாங்க, ஆளாளுக்கு பட்டையப் பிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். அந்த 4.5 மைல் பாதையில நடந்தா எங்கயோ அதத் தாண்டித்தான் போவீங்க.

சத்தில்லாத சுண்ணாம்புப் பாறை மண்ணு, குளிரு, தண்ணிப் பஞ்சம், இதெல்லாம்தான் அதோட ஆயுளுக்குக் காரணம். மெதுவா வளர்றதால கட்டை இறுகிப்போய் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது, பக்கத்துல வேற செடி இல்லாததால தீயும் பரவாது. மரத்துல முக்காவாசி செத்து வெளுத்து நிக்கும், ஒரு பக்கமா கை அகல பட்டை மட்டும் உயிரோட மேல போய் நாலு கிளைக்கு பச்சை குடுத்துட்டிருக்கும். கார்பன் டேட்டிங் கணக்க சரி பண்ணதே இந்த மரங்களோட வளையத்த வச்சுத்தான். பிக் பைன்லேர்ந்து 168ம் நம்பர் ரோட்டுல போகணும், மேல பெட்ரோல், தண்ணி ரெண்டும் கிடையாது, பனிக்காலத்துல ரோடு மூடிடும்.

கலிஃபோர்னியாவுல அலபாமா ஹில்ஸ் எப்டி?

உள்நாட்டுப் போர் சமயத்துல தெற்கு மாநிலத்துக்கு ஆதரவான சுரங்கக்காரங்க அவங்க தரப்போட அலபாமாங்குற போர்க்கப்பல் பேர வச்சாங்க. 1864ல கியர்சார்ஜ்ங்குற வடக்குக் கப்பல் அத மூழ்கடிச்சதும், எதிர்க் கோஷ்டி பக்கத்துல இருந்த சுரங்கத்துக்கும் கணவாய்க்கும் கியர்சார்ஜ்னு பேர் வச்சு பழி தீத்துக்கிட்டாங்க. உருண்டைப் பாறைங்களுக்குப் பின்னால பனிச் சிகரம் தெரியும், 1920கள்லேர்ந்து நூத்துக்கணக்கான படம் எடுத்திருக்காங்க, லோன் பைன்ல அதுக்கு மியூசியமே இருக்கு. முன்ன மாதிரி நெனச்ச இடத்துல கூடாரம் போட முடியாது, பெர்மிட் வாங்கி குறிச்ச இடத்துலதான்.

பிஷப்ல என்ன இருக்கு?

மே கடைசில மெமோரியல் டே வாரம் மியூல் டேஸ், 1969லேர்ந்து நடக்குது, ஊர் முழுக்க கோவேறு கழுதை, இஞ்சின் வண்டியே இல்லாத ஊர்வலம். அந்த வாரம் ரூம் கிடைக்காது. செப்டம்பர் கடைசிலேர்ந்து அக்டோபர் நடு வரைக்கும் பிஷப் கிரீக் மேல சவுத் லேக், சப்ரீனா, நார்த் லேக் பக்கம் ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சளா மாறும், இலை நிறம் மாறுறத பாக்க வெர்மான்ட் வரைக்கும் டிக்கெட் போட வேணாம். பாறை ஏறுறவங்களுக்கு பட்டர்மில்க்ஸ்ங்குற பாறைக் கூட்டம் உலகப் பிரசித்தி. பிள்ளைங்களுக்கு ரயில் புடிச்சா லாஸ் ரயில்வே மியூசியம், 1883ல வந்து 1960ல நின்னுபோன சின்னப் பாதை ரயிலோட ஸ்டேஷன் அது. மீன் புடிக்கிறவங்களுக்கு ஏப்ரல் கடைசி சனிக்கிழமை தீபாவளி, 16 வயசு ஆயிட்டா லைசென்ஸ் வேணும்.

வெஜிடேரியன் சாப்பாடு?

மெக்சிகன் கடையில பீன் புர்ரிட்டோ, பீட்சா, பிஷப் பேக்கரில ஷீப்ஹெர்டர் பிரெட். சாம்பார், இட்லி தேடாதீங்க. எலக்ட்ரிக் குக்கரும் புளிசாத மிக்ஸும் எடுத்துட்டுப் போறவங்கதான் புத்திசாலி.

அங்கயே போய் செட்டில் ஆகலாமா? ரிமோட் வேலைதான் எனக்கு.

ஆசை புரியுது. ஆனா வீடு எங்க? தனியார் நிலமே 2 சதவீதம் இல்லன்னு மேல சொன்னேன்ல, புதுசா கட்ட இடம் கிடையாது, அதனால இவ்ளோ அத்துவானத்துலயும் வீட்டு விலையும் வாடகையும் குறைவா இருக்காது. டீச்சர், நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தா தங்க வீடு கிடைக்காம திரும்பிப் போறாங்க. உள்ளூர் வேலைன்னா கவுண்டி ஆபீஸ், பார்க், ஃபாரஸ்ட் சர்வீஸ், ஆஸ்பத்திரி, டிடபிள்யூபி, மோட்டல், மாட்டுப் பண்ணை. பண்ணைக்காரங்கள்ல நெறய பேர் டிடபிள்யூபி நிலத்த குத்தகைக்கு எடுத்தவங்க, தண்ணி எவ்ளோ விடுறதுன்னு அங்க முடிவாகும். பிஷப்ல ஒரு ஆஸ்பத்திரி, லோன் பைன்ல சின்னதா ஒண்ணு, பெரிய ஸ்பெஷலிஸ்ட் வேணும்னா ரீனோ இல்ல எல்ஏ, ரெண்டுமே மூணு மணி நேரத்துக்கு மேல. வயசான அப்பா அம்மா கூட இருந்தா நல்லா யோசிங்க.

இங்க இருக்குறவங்க கிட்ட கேட்டா வேற கணக்கு சொல்லுவாங்க. கதவப் பூட்டாம தூங்கலாம், கடையில எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், வேலை முடிச்சு அரை மணி நேரத்துல மலை ஏரில தூண்டில் போடலாம், ராத்திரில பால்வீதி வெறுங்கண்ணுக்கே தெரியும்.

காலேஜ் ஏதும் உண்டா?

ஒரு அதிசயம் உண்டு. டீப் ஸ்பிரிங்ஸ்னு 1917ல ஆரம்பிச்ச ரெண்டு வருஷக் காலேஜ், மொத்தமே 30 பேருக்குள்ளதான் ஸ்டூடண்ட்ஸ். ஃபீஸ் இல்ல, தங்குறதும் சாப்பாடும் இலவசம், அதுக்குப் பதிலா வாரம் 20 மணி நேரம் மாடு கறக்குறது, வைக்கோல் கட்டுறது, சமையல்னு வேலை பாக்கணும். புதுசா யார சேக்குறதுன்னு முடிவு பண்றதுலயும் ஸ்டூடண்ட்ஸ் பங்கு பெருசு. பொண்ணுங்கள 2018லேர்ந்துதான் சேக்குறாங்க. பையன் ஐவி லீக் ஐவி லீக்னு சொல்லிட்டிருந்தா இதையும் காதுல போட்டு வைங்க, இங்கேர்ந்து அங்க மாறிப் போறவங்க நெறய.

பூகம்பம் பயம் உண்டா?

1872 மார்ச் 26 ராத்திரி லோன் பைன்ல வந்தது கலிஃபோர்னியா சரித்திரத்துலயே பெரிய பூகம்பங்கள்ல ஒண்ணு. 59 வீட்டுல 52 இடிஞ்சு 27 பேர் போனாங்க, பச்சை மண்ணுக் கல்லுல கட்டின வீடுங்க. ஊருக்கு வடக்க ஹைவே ஓரமாவே அவங்கள பொதைச்ச இடம் இருக்கு. இப்ப உங்க பயத்த ரோட்டுக்கு வச்சுக்கோங்க, ராத்திரில மான், பிக் பைன் பக்கம் எல்க் கூட்டம் குறுக்க வரும்.

எப்டிப் போறது? மூணு நாள்ல என்ன பாக்கலாம்?

எல்ஏலேர்ந்து லோன் பைன் மூணரை மணி நேரம், அங்கேர்ந்து பிஷப் ஒரு மணி, இந்தப் பக்கம் ஃபர்னஸ் கிரீக் ரெண்டு மணி. பே ஏரியாக்காரங்களுக்குத்தான் சிக்கல், இந்தக் கவுண்டி நெடுக சியராவ குறுக்க கடக்குற ரோடு ஒண்ணு கூட கிடையாது. யோசெமிட்டி வழியா டியோகா பாஸ் நவம்பர்லேர்ந்து மே, ஜூன் வரைக்கும் மூடியிருக்கும், அப்ப பெரும்பாலும் பேக்கர்ஸ்ஃபீல்ட் சுத்தி வரணும். கூகுள் மேப் குறுக்கு வழி காட்டினா நம்பாதீங்க, டெத் வேலில அப்படி மண் ரோட்டுல மாட்டி உயிர விட்டவங்க இருக்காங்க, ரேஞ்சருங்களே ஜிபிஎஸ்ஸ நம்பாதீங்கன்னு போட்டிருக்காங்க. மேப்ப டவுன்லோட் பண்ணிக்கோங்க, ஆளுக்கு ஒரு கேலன் தண்ணி கார்ல எப்பவும் இருக்கட்டும், பெட்ரோல் லோன் பைன்லயே ஃபுல் பண்ணிடுங்க, பார்க் உள்ள விலை கண்ணக் கட்டும்.

குளிர்காலம்னா முதல் நாள் லோன் பைன், அலபாமா ஹில்ஸ், மான்சனார். ரெண்டாவது மூணாவது நாள் டெத் வேலி, ஒரு ராத்திரி உள்ளயே தங்கி அமாவாசை ஒட்டி வந்தா நட்சத்திரம் பாக்கலாம். கோடைன்னா டெத் வேலிய சுத்தமா விட்டுட்டு மான்சனார், பிரிசில்கோன், பிஷப் கிரீக் ஏரிங்க. ரெண்டையும் ஒரே டிரிப்ல அடைக்கணும்னா அக்டோபர் கடைசி ஓகே, ஆனா அப்ப மலை மேல ஸ்வெட்டர், கீழ அரை டிரவுசர்னு ரெண்டு பெட்டி கட்டணும், பனி முன்னாடியே விழுந்துட்டா பிரிசில்கோன் ரோடு மூடியிருக்கும், கெளம்புற அன்னைக்குக் காலைல ஃபாரஸ்ட் சர்வீஸ் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க.